வாள்காரனுக்கு ஒரு சட்டம்

காளிதாஸ் மரண வீட்டு வெள்ளைக் கொடியை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினார். அது சரியாகத்தான் இருந்தது. கீழே ரோட்டில் தெரணியகலை பஸ் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாகக் கடந்து போனது. முன் அறையில் மகன் விதுர்ஷன் பெட்டிக்குள் கிடந்தான். இருபத்திரண்டு வயது. மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை.

"அந்தக் கயித்த விடுங்களேன். வந்தவங்க பாக்குறாங்க," என்றாள் மனைவி தங்கம்மா, வாசலில் நின்றபடி.

"காத்துக்கு அவுந்துரும்."

உள்ளே போகக் கால் வரவில்லை. கூடாரத்துப் பக்கம் போகவும் முடியவில்லை. அங்கே மகனின் கூட்டாளி ஷிஹாப் இருந்தான்.

மரண வீட்டுக் கூடாரத்தில் சீட்டும் கெரமும் நடப்பது அந்த ஊர் வழக்கம். பெட்டி போகும்வரை வீடு ஆளில்லாமல் இருக்கக் கூடாது. பக்கத்துக் கடை பளீல் ஒரு மேசையில் சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் அவர் மகன் ஷிஹாபும், தோட்டத்துப் பையன் லோஜனும் பகடைகளை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடா, நீங்க மட்டும் பேயறைஞ்ச மாதிரி ஈக்கிறீங்க? ஆடுங்களேன். அவனுக்காகத்தானே வந்தீக்கிறீங்க," என்றார் பளீல்.

"ஆட்டக் கொப்பி இல்ல வாப்பா," என்றான் ஷிஹாப்.

காளிதாஸ் கயிற்றை விட்டுவிட்டார். தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். போகாமலிருக்க இனி ஒரு சாக்கும் மிச்சமில்லை.

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் காளிதாஸ் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடும் அந்த ஆட்டம் நடந்தது. ஷிஹாபின் மாமா டுபாயிலிருந்து அனுப்பிய ஆட்டப் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே தமிழில் சட்டம் எழுதிக்கொண்டார்கள். லோஜன் கதை சொல்வான். ஷிஹாப் மந்திரவாதி. விதுர்ஷன் வாள்காரன். சட்டங்களை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவதும் அவன்தான்.

"அங்கிள், அந்தக் கொப்பி எங்க ஈக்கி?" என்று ஷிஹாப் கேட்டான்.

காளிதாஸ் தேநீரை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். "அதுல அப்படி என்னப்பா இருக்கு?"

லோஜன்தான் பதில் சொன்னான். "வாள்காரனுக்கும் மந்திரவாதிக்கும் சமமே வரல்லங்க. ஆரம்பத்துல வாள்காரன்தான் ராசா. நாலாம் படி தாண்டுனா இவன் ஒரே மந்திரத்துல இருவது பேர எரிச்சிருவான். விதுர் ஒருத்தன வெட்டி முடிக்க முந்தி சண்டையே முடிஞ்சிரும். 'நான் என்ன ஒன் மூட்ட தூக்குற ஆளாடா'ன்னு கத்துவான்."

"வாளுக்குப் பலத்தக் கூட்டினோம். மந்திரத்தக் கொறச்சோம். ரெண்டுமே சரிவரல்ல," என்றான் ஷிஹாப். "கடைசியா, கண்டுபிடிச்சிட்டேன், கொப்பில எழுதிட்டேன்னு சொன்னான். சொல்லுடான்னா, ஞாயித்துக்கெழம பாருன்னான்."

அந்த ஞாயிறுக்குள் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

அங்கே அவன் மெலிந்துகொண்டே போன நாட்களில் காளிதாஸ் அந்தக் கொப்பியைப் புரட்டினார். 'ஆளை ஏழு நாளில் வாட்டும் மந்திரம்' என்றிருந்தது. பக்கத்தில் ஷிஹாபின் பெயர். கொப்பியைக் கடைக்குப் பின்னால் கற்பூரம் வைத்து எரித்தார். சாம்பலை ஆற்றில் விட்டார். ஒரு கிழமை கழித்து டொக்டர், இரத்தத்தில் புற்றுநோய் என்றார்.

விதுர்ஷன் கட்டிலில் கிடந்து ஒரே ஒரு தடவை கொப்பியைக் கேட்டான். "தேடிப் பாக்குறேன்," என்றார் அவர். மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கேட்கவில்லை. மறுநாள் தோடம்பழம் உரித்துக் கொடுக்கும்போது என்னவோ வாள், அடி என்று சொல்லி, "திருப்பிச் சொல்லுங்கப்பா," என்றான். காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று நினைத்து, அவன் மனம் கோணாமல் இருக்கத் திருப்பிச் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொல்லச் சொன்னான்.

"கொப்பி இல்லப்பா," என்றார் காளிதாஸ். "நான்தான் எரிச்சேன்."

பளீல் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுல ஆள வாட்டுற மந்திரம்னு, பக்கத்துல ஒன் பேரு இருந்துச்சு. நீ ஏதோ செய்வினை செஞ்சிட்டேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்கு ஆள் வரக் கூடாதுன்னு டொக்டர் சொல்லல்ல. நான்தான் சொன்னேன். ஒன்ன அவங்கிட்ட அண்ட விடல்ல."

"வாட்டுற மந்திரம்... அது நான் வச்ச பேருங்க," என்றான் லோஜன்.

ஷிஹாப் எழுந்தான். கூடாரத்தின் மறுகோடிக்கு நடந்தான். போய்விட்டான் என்றே காளிதாஸ் நினைத்தார். அவன் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதிலிருந்த மழை நீரைத் தன் கைலேஞ்சியால் துடைத்தான்.

"உக்காருங்க அங்கிள். காலயிலேந்து நின்டுக்கிட்டே ஈக்கிறீங்க."

அவர் உட்கார்ந்தார். மகன் கட்டிலில் திருப்பிச் சொல்ல வைத்ததை, பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்:

"வாள்காரன் பக்கத்துல யாரு நின்னாலும், அவங்களுக்கு விழுற அடிய அவன் கேட்டு வாங்கிக்கலாம். பகடை உருட்டத் தேவல்ல. மந்திரவாதிக்கு எந்தப் படியிலயும் இது கெடைக்காது."

லோஜன் பிஸ்கட் பெட்டியின் மூடியைக் கிழித்து, ஷிஹாப், விதுர்ஷன் பெயர்களையும் நேரே உசுர்க் கணக்கையும் எழுதினான். சட்டத்தையும் எழுதினான். எழுதியதை ஒருமுறை வாசித்தான்.

"குகை வாசல்," என்று கதையைத் தொடங்கினான். "உள்ளேர்ந்து ஒரு அம்பு வருது." பகடை உருண்டது. "ஷிஹாபுக்கு. ஏழு அடி. ஒனக்கு உசுரு நாலுதான்டா."

ஷிஹாப் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டுக்குள்ளிருந்து தங்கம்மாவின் அழுகை ஏறி, அடங்கியது.

"அத இங்க போடுப்பா," என்றார் காளிதாஸ், விதுர்ஷன் பெயரைத் தொட்டு.

லோஜன் அந்தப் பெயருக்கு நேரே இருந்த உசுரை வெட்டிவிட்டு ஏழு குறைத்து எழுதினான். காற்றில் அட்டையின் ஓரம் எழும்பியது. காளிதாஸ் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.