முப்பத்தோராம் பக்கம்

வழி தவறிவிட்டது என்று அவள் ஒத்துக்கொண்டபோது மணி பத்து நாற்பது. தவறி வெகு நேரம் ஆகியிருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

எட்டாம் கட்டடம் வந்தது. அடுத்தது தான் போக வேண்டிய ஒன்பதுதானே என்று நடந்தால் இருபத்திரண்டு என்று பலகை நின்றது. அதற்குப் பக்கத்தில் மூன்று. இந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டடங்களுக்கு இடத்தைப் பார்த்து எண் வைக்கவில்லை, கட்டி முடித்த வரிசையில் வைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ. வெளியிலிருந்து வந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அவள் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு தாள்கள். நான்கும் ஒரே பக்கத்தின் நகல்கள், முப்பத்தோராம் பக்கம். நடப்பது சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டி. அணிக்கு மூன்று பேர். இரண்டு பேர் வாதாடுவார்கள். மூன்றாவது ஆள் தீர்ப்புகளைத் தேடி, நான்கு பிரதிக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த மூன்றாவது ஆள் இவள். சதா தாளும் கையுமாக ஓடுவதால் 'தபால்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயர் வைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, இறுதியாண்டு மாணவி, முதல் வாதம் அவளுடையது. போன வருடம் இதே அரையிறுதியில் அக்கா ஒரு தீர்ப்பைச் சொல்ல, நடுவர் எந்தப் பக்கம் என்று கேட்க, கோப்பில் அந்தப் பக்கமே இல்லை. அத்தோடு தோற்றார்கள். பேருந்தில் ஊர் வந்து சேரும்வரை அழுதாள். அவளுக்கு இந்த வருடத்தை விட்டால் வேறு வருடம் கிடையாது. இன்று காலை பத்தேகாலுக்குக் கோப்பைப் புரட்டினால் முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டு. தொகுத்தது தபால்தான். அக்கா திட்டவில்லை. "பதினொன்னுக்குள்ள வந்துடுவல்ல?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பென்டிரைவோடு வாசலருகே இருந்த நகல் கடைக்கு ஓடினாள். அணி எண் எழுதிய அட்டை கோட்டில் குத்தியிருந்தது என்பது திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. கைப்பேசியைப் போட்டி நடத்துபவர்கள் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

யாரையாவது வழி கேட்டால் என்ன என்று தோன்றும். அதில்தான் வினையே இருந்தது. எந்த அணி எந்தக் கல்லூரி என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அணியை வெளியே அனுப்பிவிடுவார்கள். போன வருடம் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த கல்லூரி முத்திரையால் ஓர் அணி வீட்டுக்குப் போனது. அதனால் பயிற்சி கொடுத்த சாருக்கு மூன்று மாதமாக ஒரே பாட்டு. நடுவர் எந்த உருவத்திலும் வருவார், டீ குடித்துக்கொண்டு நிற்பார், எந்த காலேஜ்மா என்று அன்பாகக் கேட்பார், வாயைத் திறந்தால் தொலைந்தீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தபாலின் கண்ணுக்கு எதிரே வந்த நரைத்த தலையெல்லாம் நடுவராகத் தெரிந்தது. ஒருவர் தானாகவே நின்று என்னம்மா தேடுகிறாய் என்று கேட்டபோது, தலையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

ஓடியவள் குறுக்குவழி என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளி உள்ளே போனாள். அது பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை. நீளமான இருட்டு நடை, இரண்டு பக்கமும் பூட்டிய ஆய்வகங்கள், ஏதோ ஒரு இயந்திரத்தின் உறுமல். கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை. பக்கத்துக்காக ஓடி வந்து பக்கமும் போகாமல் ஆளும் போகாமல் இங்கேயே கிடக்கப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினாள்.

கடைசியில் நடையின் மறுகோடிக் கதவைத் திறந்தது ஒரு காவலாளி. போன வாரம்தான் அந்த ஆய்வகத்திலிருந்து இரண்டு கம்ப்யூட்டர் களவு போயிருந்தது. மனிதர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, நடம்மா என்று காவல் அறைக்குக் கூட்டிப் போனார்.

அறையில் ஏற்கெனவே ஒருவர் மேசையோரம் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டை மடித்துக் கைமேல் போட்டிருந்தார், முகமெல்லாம் வியர்வை. பதினொரு மணிக்கு ஒன்பதாம் கட்டடத்தில் போட்டிக்கு நடுவராக உட்கார வேண்டும், இரண்டு தடவை சுற்றி இங்கேயே வந்துவிட்டேன், யாராவது கூட வாருங்கள் என்று காவலாளியிடம் கெஞ்சினார். சார் சொன்ன பேய் நிஜமாகவே எதிரில் உட்கார்ந்திருந்தது.

"இருங்க சார், இந்தப் பொண்ணை விசாரிச்சுட்டு வந்துடுறேன்," என்றார் காவலாளி. "எந்த காலேஜ்மா நீ?"

"சொல்லக் கூடாதுண்ணா. போட்டிக்கு வந்தவ."

நம்பாத காவலாளி கல்லூரி அட்டையைக் கேட்டார். தங்கிய அறையில் இருந்தது. போட்டி அலுவலகத்துக்குப் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. சுவரில் மணி பத்து ஐம்பத்தைந்து. திருடனுக்குத் தேள் கொட்டினது போல, கத்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். சொல்ல முடியாவிட்டால் எழுதிக் காட்டு என்று காவலாளி பதிவேட்டைத் தள்ளினார். அது நடுவரின் மூக்குக்கு நேர் கீழே விரிந்து கிடந்தது.

வேறு தாள் இல்லை. உறைக்குள் கைவிட்டு ஒரு நகலின் கீழ்மூலையைக் கிழித்தாள், கல்லூரிப் பெயரை எழுதினாள், நான்காக மடித்துக் காவலாளியின் கையில் வைத்தாள். அவர் பிரித்து, கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டேன். சார், இதைக் கொஞ்சம் படிங்க."

நடுவர் கையை நீட்டினார். அக்கா பேருந்தில் அழுத முகம்தான் அவளுக்குத் தெரிந்தது. பாய்ந்து தாளைப் பிடுங்கினாள், வாயில் போட்டாள், இரண்டு தடவை மென்று விழுங்கினாள்.

காவலாளிக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார்? கள்ளி," என்றார்.

நடுவர் அவளையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். "திருட வந்தவளா இருந்தா வாய்க்கு வந்த காலேஜ் பேரைச் சொல்லிட்டுப் போயிருப்பா. பேரு தெரியக் கூடாதுன்னு தாளைத் தின்னவ நிஜமாவே எங்க போட்டிக்கு வந்தவளாத்தான் இருக்கணும். ரெண்டு பேரையும் கொண்டு போய் விடுங்க."

காவலாளி முன்னால் நடந்தார், பின்னால் நடுவர், அவருக்கு இருபது அடி தள்ளி அவள். ஒன்பதாம் கட்டடம் பதினான்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பக்கவாட்டு வாசலில் நின்ற அக்கா உறையை வாங்கிக்கொண்டு ஓடினாள். பதினொன்றைத் தாண்டி நான்கு நிமிடம். நடுவர் வராததால் எதுவும் ஆரம்பித்திருக்கவில்லை.

உட்கார்ந்ததும் நடுவர், வழியில் இந்த அணியில் ஒருவரைப் பார்க்க நேர்ந்தது, எந்தக் கல்லூரி என்று தெரியாது, ஆட்சேபம் உண்டா என்று எதிர் அணியைக் கேட்டார். இல்லை என்றார்கள். அக்கா எழுந்தாள். கால் மணி நேரத்தில் அந்தத் தீர்ப்பு வந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார் நடுவர்.

"முப்பத்தொன்னு, மாண்புமிகு நீதிபதி அவர்களே."

அவர் முப்பதைப் புரட்டி அடுத்த தாளை எடுத்தார். கீழ்மூலை இல்லை, எண்ணும் அதோடு போயிருந்தது. "என் பிரதியில இந்தப் பக்கத்துக்கு எண்ணே இல்லையே," என்றார். மறுபடியும் போன வருடமா என்பது போல அக்கா மெல்லத் திரும்பித் தபாலைப் பார்த்தாள். தபாலால் எழுந்து சொல்லவும் முடியாது. மூன்றாவது ஆள் வாயைத் திறக்கக் கூடாது.

நடுவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து, அக்காவைத் தாண்டி, பின்வரிசையில் அவளைப் பார்த்தார்.

"பரவாயில்ல, எண் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க மேல சொல்லுங்க," என்றார்.

அக்கா மேலே சொன்னாள். தபாலின் நாக்கில் இன்னும் மை கசந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவள் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.