தேய்க்காத சட்டை

சலவைக்கடையில் முப்பத்தேழாவது சட்டையைத் தேய்த்து முடித்ததும், பைக்குள் சுருட்டி வைத்திருந்த கணவனின் சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவன் துணிமேல் அவளுடைய இஸ்திரிப்பெட்டி பட்டதே இல்லை.

காரணம் இருந்தது. ஈரத்துணியில் பெட்டியை வைத்து ஆவி எழுந்தால், துணிக்குச் சொந்தக்காரர் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை அவள் காதில் விழும். எப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, யாரிடமும் சொன்னதும் இல்லை. பேங்க் மேனேஜரின் காலர், 'அம்மாவப் பாக்கணும்' என்று முனகும். டீச்சரம்மாவின் கோட்டு, 'சாப்பிட்டியான்னு யாராவது கேளுங்களேன்' என்று கெஞ்சும். ஊரார் பாடு ஊராருக்கு என்று விட்டுவிடுவாள். ஆனால் கட்டியவன் மனசைத் திருட்டுத்தனமாகக் கேட்க அவளுக்கு மனசில்லை. கல்யாணமான மறுவாரமே, "உங்க துணிய நீங்களே தேச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். "ஊருக்கெல்லாம் இஸ்திரி, எங்கண்ணனுக்கு மட்டும் கசங்கலா?" என்று நாத்தனார் இன்றைக்கும் கிண்டலடிப்பாள்.

இப்போது மூன்று வாரமாக மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பஸ் டிரைவர் அவன். வண்டிக்குக் குறுக்கே வந்தவனையெல்லாம் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவான். டிப்போவில் டாக்டர் பரிசோதனை என்று போனான், வந்தான், அவ்வளவுதான். கேட்டால் "ஒண்ணுமில்ல." சாப்பாடு பாதி தட்டிலேயே கிடக்கும். நோய் நெஞ்சிலா, ஈரலிலா, எத்தனை நாள் சொன்னார்களோ என்று அவள் மனசு எங்கெங்கோ போய் வந்தது.

தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

'கண்ணு சரியாத் தெரியல. வண்டிய வாங்கிட்டு டிக்கெட் கவுண்டர்ல உக்கார வச்சுட்டாங்க. அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?'

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி மனுஷா, வெறும் கண்ணுதானா!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்தாள். "என்னக்கா, சுட்டுக்கிட்டியா?"

"இல்லடி. பொழச்சுக்கிட்டேன்."

சாயங்காலம் வீட்டில் அவன் முன்னால் டீயை வைத்தாள். நாற்காலியில் தொங்கிய சட்டையை அவன் தடவிப் பார்த்தான்.

"நீயா தேச்ச?"

"ஆமா. ஏன், தேய்க்கக் கூடாதா?" தனக்குத் தெரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். "ஏங்க, ஊசியில நூல் கோக்கவே முடியல. எனக்குக் கண்ணாடி போடணும் போல. கூட வர்றீங்களா?"

அவன் டீயைத் தள்ளி வைத்தான். பிறகு சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எனக்கு வாங்கியே பத்து நாளாச்சு. வண்டிய வாங்கிட்டாங்க. இப்ப கவுண்டர்லதான் உக்காந்திருக்கேன்."

"அதுக்கா இந்தப் பாடு?"

"இனிமே யாரத் திட்டுவேன் நான்?"

"அங்கயும் வரிசையில குறுக்க வருவானுங்க. ஆசை தீரத் திட்டுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆமா, உதட்டுக்கு மேல இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு. நல்லாப் பாத்தீங்க போங்க!"

அவன் டீயை வாயருகே கொண்டுபோனான். ஆவி எழுந்து கண்ணாடியை வெள்ளையாக மூடியது. துடைக்காமல், அவள் இருந்த பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.