ராய்ஸ் விற்ற ரிவால்வர்

என் வீட்டுக்காரர் ராய்ஸுக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கிற தைரியமும் இல்லை. இருந்தது ஒரே ஒரு வியாதி. கைத்துப்பாக்கி மாற்றுவது. ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவார். வாங்கி வந்த மறுநாளே விற்றதை நினைத்துச் சாப்பாடு இறங்காது. அதை யார் வாங்கினானோ அவன் வீட்டு வாசலில் போய் அசடு வழிய நின்று, மேலே கொஞ்சம் கொடுத்துத் திருப்பி வாங்கி வருவார். எங்கள் மிசௌரி மலைப்பக்கத்தில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. ஆனால் சொந்தத் துப்பாக்கியையே மூன்று முறை காசு கொடுத்து வாங்கிய மனிதர் இவர் ஒருவர்தான். ஓடிஸின் துப்பாக்கிக் கடைக்குள் இவர் தலை தெரிந்ததும் அங்கே காபி குடித்துக்கொண்டிருக்கும் வெட்டிக் கூட்டம், "என்ன ராய்ஸ், இன்னைக்கு எதைத் திருப்பி வாங்கப் போற?" என்று ஆரம்பித்துவிடும்.

நானும் சண்டை போட்டுப் பார்த்து அலுத்து, கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் படுக்கையறை இரும்புப் பெட்டியில் கைத்துப்பாக்கி வைக்க நான்கு குழிகள் உண்டு. அந்த நான்குதான் கணக்கு. ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும்.

முதல் குழியில் அவருடைய அப்பாவின் பழைய பிஸ்டல். அதை விற்றால் செத்துப்போன மாமனார் எழுந்து வந்து அடிப்பார். இரண்டாவதில் என்னுடைய சின்னத் துப்பாக்கி, கோழிக்கூண்டுக்குப் பாம்பு வந்தால் சுட. மூன்றாவதில் அவருடைய செல்லம், வாதுமைக் கட்டைக் கைப்பிடி போட்ட ரிவால்வர். டிராக்டரிலிருந்து விழுந்ததில் அந்தக் கைப்பிடியில் பிறை மாதிரி ஒரு வெட்டு. நான்காவது எங்களுடையதே இல்லை. அது ஹாலிஸுடையது.

ஹாலிஸ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், ராய்ஸோடு ஒரே மர ஆலையில் வேலை பார்த்தவன். அவன் மனைவி ஆர்லீன் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். புற்றுநோய். அடக்கம் முடிந்து, வந்த உறவெல்லாம் திரும்பிப் போன பிறகு ஒருநாள் அவன் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. இறங்கி வந்தவன் கையில் ஒரு குளியல் துண்டு, அதற்குள் சுற்றிய துப்பாக்கி.

"கொஞ்ச நாளைக்கு உங்கிட்ட இருக்கட்டும்டா" என்றான்.

"சரிடா" என்றார் ராய்ஸ்.

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஊரில் ஓர் ஆண் தன் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி இன்னொருவன் கையில் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராத்திரியில் தன்னோடு அது ஒரே வீட்டில் இருப்பது அவனுக்குப் பயமாக இருக்கிறது. கொடுப்பவன் காரணம் சொல்வதில்லை, வாங்குபவன் கேட்பதில்லை, வெளியே யாரிடமும் மூச்சு விடுவதில்லை. அழுவதற்குக்கூட இந்த ஆண்களுக்கு ஒரு இரும்புச் சாமான் வேண்டியிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கொடுத்தானே, அந்த மட்டும் நிம்மதி. ராய்ஸ் அதை நான்காவது குழியில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் ஹாலிஸ் எங்கள் வீட்டில் சாப்பிடுவான். சாப்பிடுவான் என்று சொல்வதே பொய். தட்டில் இருப்பதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பான். பேச்சும் இல்லை. மழையைப் பற்றிக் கேட்டால் மழைக்குப் பதில், மாட்டைப் பற்றிக் கேட்டால் மாட்டுக்குப் பதில்.

இலையுதிர் காலத்தில் ஓடிஸ் கடைக்கு ஒரு பிஸ்டல் வந்தது, குண்டின் அளவை வைத்து 'நாற்பத்தைந்து' என்று சொல்லும் ரகம். பழையதுதான், ஆனால் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. ராய்ஸ் போய்ப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆலையில் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். கையில் காசு இல்லை. ரிவால்வரை விற்றால்தான் அது.

"அதை வித்தா எனக்குக் கை உடைஞ்ச மாதிரி, நாடீன்."

"அப்ப விக்காதீங்க."

"ஆனா அந்த நாப்பத்தஞ்சு மறுபடி கிடைக்காது."

"அப்ப வித்துத் தொலைங்க."

"நீ ஒரு முடிவாச் சொல்ல மாட்டேங்கிற."

"நான் முடிவாச் சொல்றேன், எனக்கு ஒரு புது வாஷிங் மெஷின் வேணும். அதுக்கு எந்தத் துப்பாக்கிய விக்கப் போறீங்க?"

இப்படியே எங்கள் வீட்டில் பல நாள் ஓடியது. மனிதர் ரிவால்வரை எடுத்துத் துடைப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, தலைவலியாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலிஸ் வரும்போது என்னுடைய கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தான். ஆர்லீன் அடக்கத்தின்போது ஊரில் எல்லோரையும் போல நானும் சமைத்து அனுப்பிய தட்டு. அடியில் ஒட்டிய பட்டையில் என் பெயர் இன்னும் அப்படியே இருந்தது.

"அடேயப்பா, இப்பவாவது ஞாபகம் வந்துச்சே" என்றேன்.

"எல்லாருதையும் திருப்பிக் குடுத்துட்டேன், நாடீன். உன்னோடதுதான் கடைசி" என்றான்.

நல்லது, மனிதன் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். கோழிப் பொரியலும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தேன். மேஜையில் வழக்கம்போல மௌனம். அதைப் பொறுக்க முடியாமல் ராய்ஸ் தன் புராணத்தை எடுத்தார். துப்பாக்கிப் பேச்சு எடுத்தால் எந்த ஆணும் வாய் திறப்பான் என்பது அவருடைய கணக்கு.

"ஹாலிஸ், நீ சொல்லுடா. ரிவால்வரைக் குடுத்துட்டு அந்த நாப்பத்தஞ்சை எடுக்கவா, வேண்டாமா?"

ஹாலிஸ் தலையை நிமிர்த்தினான். ஆர்லீன் போனதிலிருந்து அவன் யார் முகத்தையும் அப்படி நேராகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

"ஓடிஸ் அதுக்கு என்ன தர்றான்?"

ராய்ஸ் தொகையைச் சொன்னார்.

"மோசமில்லையே. வித்துடுடா. ஒருத்தனுக்கு எத்தனை ரிவால்வர் வேணும்? அந்த நாப்பத்தஞ்ச நானும் கடைக் கண்ணாடி வழியாப் பாத்தேன். அதை விட்டின்னா சாகுற வரைக்கும் புலம்புவ."

"நான் எப்படியும் புலம்புவேன்."

"அது தெரிஞ்ச கதைதானே!" என்று ஹாலிஸ் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். பிறகு ரிவால்வரைக் கொண்டுவரச் சொல்லி, சுழல் உருளையைத் திறந்து பார்த்து, அந்தப் பிறை வெட்டைக் கட்டைவிரலால் தடவி, "நல்ல சாமான். உடனே போயிடும்" என்றான். அப்புறம் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு கேட்டான். நான் அடுப்பங்கரைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சந்தோஷத்தில் அழுதேன். கர்த்தருக்கு நன்றி சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த அழுகையை என் கன்னத்திலேயே அறைந்து துடைக்கலாம் போலிருக்கிறது.

ராய்ஸ் விற்றார். நாற்பத்தைந்து வந்து மூன்றாவது குழியில் உட்கார்ந்தது. வழக்கம்போல அந்த வாரமே ஆரம்பித்தது. கைப்பிடி உள்ளங்கைக்கு ஒட்டவில்லையாம். எடை முன்பக்கம் இழுக்கிறதாம். ரிவால்வர் மாதிரி வராதாம்.

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. ஊரே காத்துக்கிட்டிருக்கு" என்று நானே வண்டியில் ஏறினேன். எனக்கும் டவுனில் வேலை இருந்தது, அந்தக் கூத்தைப் பார்க்கவும் ஆசை.

கடைக்குள் நுழைந்ததும் ஓடிஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "வந்துட்டான்யா! நான் சொன்னேன்ல!"

"சிரிச்சது போதும். எடு அதை" என்றார் ராய்ஸ்.

"அது எப்பவோ போயிடுச்சு. நீ வித்த மறுநாள் காலையில கடை திறக்கும்போதே வாசல்ல ஆள் நின்னுச்சு."

"யாரு?"

ஓடிஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "சொல்லக் கூடாதுன்னான். சரி, நீங்க யாருகிட்ட சொல்லப் போறீங்க. நம்ம ஹாலிஸ்தான். உன் பிறந்த நாளுக்கு உனக்கே குடுத்து அசத்தப் போறானாம். பாவம், இப்பத்தான் முகத்துல கொஞ்சம் தெளிவு வந்திருக்கு."

நான் ராய்ஸைப் பார்த்தேன். ராய்ஸ் தரையைப் பார்த்தார். அவருடைய பிறந்த நாள் கோடையிலேயே முடிந்துவிட்டது. ஹாலிஸ்தான் அன்றைக்குத் தோட்டத்தில் உட்கார்ந்து, கேக்கைத் தொடாமல் விட்டுவிட்டுப் போனவன்.

ஓடிஸ் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? துண்டில் சுற்றி வந்த விஷயத்தை நாங்கள் எவருக்கும் சொல்லவில்லையே. கௌரவமாம், மண்ணாங்கட்டி. ஒரு வார்த்தை அவன் காதில் போட்டிருந்தால் விற்றிருக்க மாட்டான்.

அங்கிருந்து நேராக ஹாலிஸ் வீட்டுக்குப் போனோம். வழியில் ராய்ஸ் ஒன்றே ஒன்று சொன்னார். "அவன்கிட்டயே போய் யோசனை கேட்டேனே, நாடீன்."

ஹாலிஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். புல் வெட்டியிருந்தது. ஜன்னல்கள் துடைத்திருந்தன. கொட்டகையில் ஒரு மாடுகூட இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றி எனக்கு நாற்காலி போட்டான். ரொம்ப அமைதியாக இருந்தான்.

ராய்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "என் ரிவால்வர் உங்கிட்ட இருக்கு."

"இருக்கு."

"திருப்பிக் குடு. நீ குடுத்ததைவிட மேல தர்றேன். அந்த நாப்பத்தஞ்சு வண்டியில இருக்கு, அதையும் ஓடிஸ்கிட்ட போட்டு முழுக் காசையும் உனக்கே தர்றேன்."

"எனக்குக் காசு எதுக்குடா?"

"ஹாலிஸ், உன்னோடதை எங்கிட்ட குடுத்தியே. நீயேதானே கொண்டுவந்து குடுத்த."

"குடுத்தேன். அப்ப சரியாயிடும்னு நினைச்சேன்" என்றான். "அது உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு போதும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஹாலிஸ், நீ சாகப் போறியா?" என்று வாய்விட்டே கேட்டேன். ராய்ஸ் திடுக்கிட்டார். அந்தச் சொல்லை எங்கள் மூன்று பேரில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஹாலிஸ் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினான். "காபி போடட்டுமா, நாடீன்?" என்றான்.

நான் கத்தினேன். ஆர்லீன் பெயரை இழுத்தேன், கர்த்தரை இழுத்தேன், எங்கள் வீட்டுக்கே வந்துவிடு, பின்னறை காலியாக இருக்கிறது என்று கையைப் பிடித்தேன். அவன் என் கையைத் தட்டிக் கொடுத்தான், ஏதோ எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது போல. ராய்ஸ் வீட்டுக்குள் புகுந்து அலமாரி, கட்டில், மெத்தை எல்லாம் புரட்டினார். ஹாலிஸ் தடுக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு இளம் போலீஸ்காரன் வந்தான். ஹாலிஸ் அவனிடம் ஐயா போட்டுப் பேசினான், சிரித்தான், மான் வேட்டைக்கு வாங்கியது என்றான். வந்தவன் கைகுலுக்கிவிட்டு என்னைத் தனியே அழைத்து, "காசு குடுத்து முறைப்படி வாங்கியிருக்காரும்மா. அவர் வாயால ஒண்ணும் சொல்லல. நான் எதைச் சொல்லிப் புடுங்கறது?" என்றான். போய்விட்டான்.

நாங்கள் கிளம்பும் வரை, கிளம்ப மனமில்லாமல் ராய்ஸ் அந்த வராந்தாப் படியிலேயே நின்றார். பெரிய உருவம், சின்னப் பையன் மாதிரி கெஞ்சினார். "டேய், அது எனக்கு வேணும்டா. வித்தது தப்புடா" என்றார்.

ஹாலிஸ் அவர் தோளில் கை போட்டு வண்டி வரைக்கும் கூடவே நடந்து வந்தான். கதவைத் திறந்துவிட்டான்.

"நீ வித்தது எது உங்கிட்டத் திரும்பி வரல, ராய்ஸ்? இதுவும் வரும். உனக்குத்தான்னு எழுதி வச்சிருக்கேன்" என்றான். "கொஞ்சம் பொறு."

இப்போதும் தினமும் போகிறோம். பகலில் நான் உணவு கொண்டுபோகிறேன், வேலை இல்லாத நாளில் ராய்ஸ் போய் அவன் கூடவே உட்கார்ந்திருக்கிறார். பாஸ்டர் வந்தார், ஆர்லீனின் தங்கை வந்து அழுதாள். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுக்கிறான், நன்றி சொல்கிறான். எங்கே வைத்திருக்கிறான் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. என்றைக்காவது ஒருநாள் எங்களில் ஒருவர் போகத் தாமதமாகும். அது எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டில் போன் அடித்தால் நான் ராய்ஸைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், யாரும் உடனே எழுந்திருப்பதில்லை.

நாற்பத்தைந்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார் ராய்ஸ். அந்தக் காசைத் தொடவும் மாட்டேன் என்கிறார். நேற்று படுக்கையறையில் சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. ரிவால்வர் இருந்த மூன்றாவது குழியில் ஒரு மரக்கட்டையை வைத்து அடித்து இறக்கிக்கொண்டிருந்தார், வியர்த்து ஊற்ற.

"என்ன பண்றீங்க?"

"இடமில்ல, நாடீன்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "வந்தாலும் வைக்கறதுக்கு இடமில்ல. நீதானே சட்டம் போட்ட."