கண்ணின் வெள்ளை

சனிக்கிழமை காலை, சாமிப்படத்தின் முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வந்து கணினியைத் திறந்த சாரங்காவுக்கு, முதலில் கிடைத்தது சிவமலர் அக்காவின் அர்ச்சனைதான். கைபேசியில் குரல் செய்தியாக வந்திருந்தது. அக்காவின் மகள் ஆதிரை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்களில் கொஞ்சத்தை, அக்கா பார்ப்பதற்காகச் சாரங்காவும் கணவனும் முன்கூட்டி அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துக் கனடாவில் இருக்கும் தங்கைமார் சிரிக்கிறார்களாம். மஞ்சள் தண்ணி பிள்ளைக்கு வார்த்ததா உனக்கு வார்த்ததா என்று கேட்கிறார்களாம். உங்கடை படத்து நிறத்தை ஊரெல்லாம் புகழுது என்று நம்பிக் கூப்பிட்டேன், என்னைப் பூசணிக்காய் ஆக்கிவிட்டீர்கள் என்று முடித்திருந்தார்.

சாரங்காவின் கணவன் ரஜிதன் படம் எடுப்பவன். அவன் எடுத்து வரும் படங்களுக்கு நிறம் பார்த்து அல்பம் ஆக்குவது அவளுடைய வேலை. அன்றைக்கு அவன் ஜேர்மனியின் இன்னொரு நகரமான டோர்ட்முண்டில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். சப்பாத்துக் கட்டியபடியே செய்தியைக் கேட்டுச் சிரித்தான். கமராவின் குணம் அதுதானே, கொஞ்சம் மஞ்சளைக் குறைத்து அனுப்பிவிடு, அக்கா குளிர்ந்துவிடுவா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அந்தக் கமராவில் அவனுக்குத் தனிப் பெருமை. யார் கேட்டாலும் நின்று விளக்குவான். உள்ளே இருக்கும் மின்சில்லுக்கு நிறமே தெரியாது என்பான். வெளிச்சம் கூடவா குறையவா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆகவே அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று, கண்ணுக்கே அகப்படாத சின்னஞ்சிறு கண்ணாடிகளைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் தலைமேல் இருக்கும் கண்ணாடி விட்ட ஒரு நிறத்தை மட்டும் அறியும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கமராவின் மூளை கணக்குப் போட்டு நிரப்பும். அந்த இடத்தில்தான் செய்தவனின் கைப்பக்குவம் வருகிறது. மீன் ஒன்றுதான், குழம்பு வீட்டுக்கு வீடு வேறு. இந்தக் கமராவின் குழம்பில் சிவப்பு ஆழமாக இறங்கும். மஞ்சள் வெயில் பட்டதுபோல நிற்கும். கூறைச்சேலை, ஆலத்தித் தட்டு, நம்முடைய ஆட்களின் முகம் எல்லாம் அதில் உயிரோடு தெரியும். அதற்காகவே தூரத்து ஊர்களில் இருந்தும் அவனைத் தேடி வந்தார்கள்.

ஆகவே சாரங்காவுக்கும் சந்தேகம் எழவில்லை. கமரா ஒரு பக்கம். மண்டபத்தின் மஞ்சள் விளக்குகள் ஒரு பக்கம். சிவமலர் உடுத்திருந்ததோ பொன் மஞ்சள் பட்டு. அந்த நிறம் தாடையில் தெறிக்கத்தான் செய்யும். நல்ல நாளென்று அவரும் மஞ்சள் பூசி முழுகியிருப்பார். மஞ்சளாகத் தெரிய இவ்வளவு காரணங்கள் போதாதா?

முதலில் குடும்பமாக நின்ற படத்தை எடுத்தாள். நிறம் திருத்த அவளிடம் ஒரு குறுக்குவழி உண்டு. படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால், கணினி அதை வெள்ளை என்று நம்பி மற்ற நிறங்களையெல்லாம் அதற்கேற்ப நகர்த்திவிடும். குறை சொன்னவர் சிவமலர் என்றபடியால் அவருடைய கண்ணின் வெள்ளையையே தொட்டாள்.

சிவமலரின் முகம் உடனே சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற ஐயரின் வேட்டி, நீலம் கூடப் போட்டுத் தோய்த்ததுபோல ஆகிவிட்டது. ஆதிரையின் தலையில் இருந்த மல்லிகையும் நீலம். சிவமலரின் கணவர் செல்வராசா, பனியில் விறைத்துப்போனவரைப்போல நின்றார். சாரங்கா அதை அழித்துவிட்டு ஐயரின் வேட்டியைத் தொட்டாள். இப்போது எல்லாரும் சரி. சிவமலரின் கண்கள் மட்டும் மஞ்சள்.

வேறு படங்களை எடுத்துப் பார்த்தாள். பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்கும் படம், ஆலத்தி எடுக்கும் படம், யன்னலோரம் உறவுக்காரப் பிள்ளை ஒன்றைத் தூக்கி வைத்திருக்கும் படம். எதிலும் அதே கதை. ஒவ்வொரு வைபவத்தின் தொடக்கத்திலும் ரஜிதன் ஒரு சாம்பல் நிற அட்டையை யாரிடமாவது பிடிக்கக் கொடுத்து ஒரு படம் எடுப்பான். நிறம் தவறினால் திரும்பிப் பார்ப்பதற்கு அது. அவசரத்தில் அவள் அதைத் திறப்பதே இல்லை. இன்றைக்குத் திறந்தாள். அட்டை சாம்பலாகத்தான் இருந்தது; கமரா நிறத்தைப் பிழைக்கவில்லை. போன கோடையில் கோவில் தேர் அன்று அதே கமராவில் எடுத்த சிவமலரின் படம் ஒன்றும் கணினியில் கிடந்தது. அதில் அவருடைய கண்கள் பால்போல இருந்தன.

சாரங்காவின் கை தானாக மடியில் இறங்கிவிட்டது. மஞ்சள் பூசினால் தோலில் பிடிக்கும். கண்ணுக்குள் எப்படிப் பிடிக்கும்? அவளுடைய பெரியப்பாவுக்குச் செங்கமாரி, அந்த மஞ்சள் காமாலை, வந்தபோது அவருடைய கண்களும் இப்படித்தான் இருந்தன.

அந்த மஞ்சளை அழிப்பது இலகு என்பதுதான் அவளைப் பயப்படுத்தியது. முழுப் படத்தையும் தொடாமல், தூரிகையால் ஒருவருடைய முகத்தையும் கண்ணையும் மட்டும் தடவிவிடலாம். ஒரு படத்தில் செய்தும் பார்த்தாள். சிவமலர் அக்கா சுகமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அனுப்பினால் கனடாத் தங்கைமார் வாயடைப்பார்கள், அக்கா குளிர்வார், எல்லாருக்கும் சந்தோஷம். சாரங்கா அதைச் சேமிக்காமல் மூடினாள்.

ரஜிதனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது அவன் வாகனத்தை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டான். இதை அவவிடம் போய்ச் சொல்லவேண்டாம் என்றான். நல்ல காரியம் நடந்த வீட்டில் போய் நோய் என்று சொல்வதா? தங்கள் பிழையை மறைக்க அவவை நோயாளி ஆக்கினார்கள் என்று ஊரெல்லாம் கதை வரும். நாங்கள் என்ன டொக்டரா?

"டொக்டர் இல்லைத்தான்" என்றாள் சாரங்கா. "ஆனால் கண்டது நான். காணாத மாதிரி இருக்க என்னாலை ஏலாது."

அவன் மறுபடி யோசித்தான். "அப்ப தொலைபேசியிலை சொல்லாதை" என்றான் மெல்ல. "நேரை போ. வெறுங்கையோடை போகாதை."

கொழுக்கட்டை அவித்து எடுத்துக்கொண்டு, மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் தொங்கு ரயிலில் போனாள். கீழே ஆறு கலங்கலாக ஓடியது. எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வசனம் யோசித்தாள்; அடுத்த நிறுத்தத்தில் அது பிழையாகப்பட்டது. கடைசியில், வாயில் நல்ல சொல்லாக வரவேண்டும் என்று பிள்ளையாரை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சிவமலர் கதவைத் திறந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"படத்தை அனுப்பச் சொன்னால் ஆளே வந்து நிக்கிறீர்" என்றார்.

ஆனாலும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தார். குசினியில் அடுப்புக்கு மேலே பகலிலும் மின்விளக்கு எரிந்தது. செல்வராசா மேசைக்கு முன்னால் இருந்தார். கொழுக்கட்டையைச் சிவமலர் தொடவில்லை. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டில் மனமில்லை, நல்லதுதான், அதனால்தான் பழைய சட்டை அளவாக வந்தது என்று தானே பகிடி விட்டார். பேசும்போது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருந்தார். சாரங்கா அதைப் பார்ப்பதைக் கண்டு, பட்டு ஒத்துவரவில்லை, குளிருக்குப் போட்ட சூடாக்கியும் தோலைக் காய்ச்சி எடுக்கிறது, உடம்பெல்லாம் கடி என்றார்.

சாரங்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, படத்தைத் திருத்தத்தான் பார்த்தனான். உங்களைத் திருத்தினால் மற்ற எல்லாரும் நீலமாகினம். மற்ற ஆக்களைத் திருத்தினால் நீங்கள் மட்டும் மஞ்சளாய் நிக்கிறியள். மஞ்சள் கமராவிலை இல்லையக்கா. உங்கடை கண்ணிலைதான் கிடக்கு."

சிவமலர் அவளையே பார்த்தார். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் இறுகியது.

"உங்கடை கமரா பிழைச்சதுக்கு என்னை நோய் பிடிச்ச வருத்தக்காரி ஆக்க வந்தனீரோ? வாசல்லை கட்டின தோரணம் இன்னும் கழட்டேல்லை. வேற இடத்திலை போய்ச் சொல்லும் உந்தக் கதையை."

சாரங்காவுக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவள் எழவில்லை.

"பிழையெண்டால் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன். அல்பத்தை நீங்கள் சொல்லுற மாதிரியே செய்து தாறன். ஒருக்கால் வெளிச்சத்திலை வந்து நில்லுங்கோ. அது மட்டும்தான், அக்கா."

சிவமலர் வாயைத் திறக்குமுன் செல்வராசா எழுந்தார். மின்விளக்கை அணைத்தார். பல்கனிக் கதவைத் திறந்து, மனைவியின் தோளைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப்போனார். வெளியே வானம் முகில் மூடிக் கிடந்தது. எந்தப் பக்கமும் சாயாத, எதையும் அழகாக்காத வெளிச்சம். அவர் பெருவிரலால் சிவமலரின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார். கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஒவ்வொரு நாளும் உனக்கு நேரை இருந்துதான் சாப்பிடுறன்" என்றார். "எனக்குத் தெரியேல்லையே, மலர்."

மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்த சிவமலரின் கை நின்றுவிட்டது.

திங்கட்கிழமை வரட்டும், வழக்கமாகப் பார்க்கும் வீட்டு டொக்டரிடம் டெர்மின் போட்டு நேரம் எடுக்கலாம் என்று சிவமலர் இழுத்தார். பொறுக்கவேண்டாம் என்று சாரங்கா காலில் விழாத குறையாகக் கேட்டாள். அன்றைக்கே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். சாரங்கா அங்கே போகவில்லை. நடனவகுப்பில் இருந்து வந்த ஆதிரைக்குக் கதவைத் திறந்து, சாப்பாடு கொடுத்து, அம்மாவைப் பற்றிப் பொய் சொல்லாமலும் பயமுறுத்தாமலும் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அவள் அதற்கு நின்றாள். பிள்ளை கேட்டுவிட்டு, அழாமல், கொழுக்கட்டை ஒன்றை எடுத்து அம்மாவுக்கென்று மூடிவைத்தாள்.

பித்தக் குழாய் அடைபட்டிருந்தது. கல்லாக இருக்கட்டும் என்று எல்லாரும் நேர்ந்தார்கள். அது கல் இல்லை, கட்டி.

பிறகு வந்த நாட்களில் சாரங்கா வைத்தியசாலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் அறைக்கு வெளியே ஒரு ஜேர்மன் பெண் பூக்களைப் பிடித்தபடி, உள்ளே போகாமல் நின்றாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் சிவமலரோடு வேலை செய்யும் எவ்லின். சாரங்காவைக் கண்டதும் அவளுக்குப் பேச்சு தடுமாறியது. நான் இந்த மஞ்சளைக் கவனித்தேன் என்றாள். வாரக்கணக்காகக் கவனித்தேன். ஏதோ உங்கள் விழாவுக்குப் பூசியதாக்கும் என்று நினைத்தேன். பிறகு அப்படி இல்லையோ என்றும் பட்டது. ஆனால் ஒரு மண்ணிறத் தோலுள்ள பெண்ணிடம் போய், உன் நிறம் சரியில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அவள் என்ன நினைப்பாள்? மரியாதைக்காகச் சும்மா இருந்துவிட்டேன்.

சொல்லிவிட்டுப் பூக்களுக்குள் முகத்தை வைத்து அழுதாள். சாரங்கா அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். நானும் முதலில் அழித்துவிடத்தான் பார்த்தேன் என்று தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னாள். பிறகு இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். எவ்லின், வேலைத்தலத்தில் யார் யார் விசாரித்தார்கள் என்று சொல்லிச் சிவமலரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபின் சிவமலர் தலையணையில் சாய்ந்தார். குழாயில் அடைப்பை எடுத்துவிட்டிருந்ததால் மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது. சத்திரசிகிச்சை அடுத்த கிழமை. கட்டி சின்னது, பார்த்த அளவில் வேறு இடத்துக்குப் போகவில்லை, வெட்டி எடுக்கலாம் என்றார்களாம். இன்னும் பிந்தியிருந்தால் அதையும் சொல்லியிருக்கமாட்டார்களாம். பெரிய சத்திரசிகிச்சை, எதற்கும் உத்தரவாதம் இல்லை.

"அல்பம் அடிச்சுப்போட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

"அடிக்கவேண்டாம். முதல் பக்கத்தை வெறுமையாய் விடும். நான் எழும்பி வந்து, அதே சீலையை உடுத்து, பிள்ளையோடை நிண்டு ஒரு படம் எடுப்பம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வராட்டி, இருக்கிறதைப் போடும். மஞ்சளோடையே போடும். ஒண்டையும் அழிக்காதையும். பிள்ளை வளர்ந்து பார்க்கேக்கை, அம்மா வருத்தத்தோடையும் தனக்குப் பக்கத்திலை சிரிச்சுக்கொண்டு நிண்டவா எண்டு தெரியட்டும்."

வருவியள் அக்கா என்று சொல்ல சாரங்கா வாயெடுத்தாள். தெரியாததைச் சொல்ல மனம் வரவில்லை. கைப்பையில் மடித்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து அவருடைய நெற்றியில் பூசினாள். மேசையில் இருந்த தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தாள். சிவமலர் ஒன்றை வாங்கி மெதுவாகச் சாப்பிட்டார். பிறகு, பூசணிக்காய் என்று சொன்னதுக்குக் கோவமோ என்று கேட்டார். இல்லை என்று சாரங்கா தலையாட்டினாள். சிவமலர் இரண்டாவது சுளைக்குக் கையை நீட்டினார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். வெளியே அதே முகில் வெளிச்சம். எதிரே இருந்த முதிய ஜேர்மன் அம்மாவின் கண்களைச் சாரங்கா தன்னை அறியாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாகத்தான் இருந்தன. தன்னை யாரோ அன்பாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா சிரித்தார். சாரங்காவும் சிரித்தாள். அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கக் கஷ்டப்பட்டபோது, எழுந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து, அல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்த படத்தை எடுத்துத் தனியே வைத்தாள். பக்கம் வெறுமையாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.