மிளகாய் தூவிய செய்தி

கானாவின் குமாசி நகர வானொலியில் காலை ஆறரைக்குப் பத்திரிகை படிப்பவர் தார்க்வா. படிப்பது என்பது பேச்சுக்குத்தான். தலைப்பைக் கையில் எடுத்து, உப்பு மிளகாய் தூவி, இழுத்து இழுத்துச் சொல்வார். டாக்சிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்பார்கள்.

அன்று மாலை நைஜீரியாவோடு கால்பந்து ஆட்டம். கடைசிப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி: நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் போய் வந்த கானா வீரர்கள் மூவருக்கு வயிற்றுப்போக்கு.

"வயிறு தானா கெடுமா?" என்றார் தார்க்வா. "சாப்பாட்டுல கை வச்சிருக்கானுங்க. இது ஆட்டமில்ல, நம்ம மானம்."

தொலைபேசி விளக்குகள் மினுங்கின. முதலில் வந்தவர், நைஜீரியாக்காரர்கள் ஆக்கும் ஜொலோஃப் சோற்றுக்குத் தனியாக வேறு விஷம் வேண்டுமா என்று கேட்டார். தார்க்வா விழுந்து விழுந்து சிரித்தார். நாலாவது குரல் சிரிக்கவில்லை. எண்பத்து மூன்றில் நைஜீரியா கானாக்காரர்களை வெளியேற்றியபோது, அவன் அப்பாவை ஒரேயொரு கட்டம்போட்ட பையோடு விரட்டினார்களாம்.

"உதிரிபாகச் சந்தையில அவனுங்க கடை பதினொண்ணு இருக்குண்ணே. பாத்து வச்சிருக்கோம்."

தார்க்வாவுக்குச் சிரிப்பு நின்றது. பதினொன்றில் ஒன்று ஓபியோராவுடையது. தங்கை அஃப்ரியேயின் கணவன். கடைக்கு மேலேயே வீடு. அந்தக் கல்யாணத்தை இதே மைக்கில் தார்க்வா ஒரு வாரம் கிண்டலடித்ததில் ஊருக்கே அது தெரியும்.

அவசரமாகப் பத்திரிகையை எடுத்தார். விஷம் என்று எங்கும் இல்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் மருத்துவர் சொல்கிறார் என்று வரிக்கு வரி படித்தார்; தான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது என்றார். பத்து வருடத்தில் முதல்முறையாக, உப்பில்லை, மிளகாயில்லை. குரல் மட்டும் நடுங்கியது.

அதே ஆள் மறுபடி வந்தான். இப்போது பேச்சில் பரிவு இருந்தது.

"புரியுதுண்ணே. இப்படி நீங்க படிச்சு நாங்க கேட்டதே இல்ல. உங்க தங்கச்சி அவனுங்க கையில இருக்கு, அதான் மாத்திப் பேசுறீங்க. பயப்படாதீங்க. நாங்க போய்க் கூட்டிட்டு வந்துடுறோம்."

இணைப்பு அறுந்தது. தார்க்வா மைக்கை அணைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். ஆறாவது மணியில் எடுத்தாள்.

"கடைய மூடச் சொல்லு. மச்சானைக் கூட்டிட்டுப் பின்பக்கமா இறங்கு. இப்பவே."

"எதுக்குண்ணே? கீழ ஒரு வண்டி வருது, மேல ஒலிபெருக்கி கட்டி. நீதான் பேசிட்டிருக்க..."

அவள் பேச்சுக்குப் பின்னால் அவருக்கும் கேட்டது. வயிறு தானா கெடுமா? வயிறு தானா கெடுமா? ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.