நான் பெருக்கித் தள்ளிய தூள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா. வீட்டுப் பின்புறத்து மாமரத்தை வெட்டும் நிலைக்குக் கொண்டுபோனவள் நான்தான். அந்த உறுத்தலில் பிறந்த கதை இது.

'அந்த மரம் ஒரு தாயைப்போல...'

வேண்டாம். மரம் மரத்தைப்போலத்தான் இருந்தது. நாற்பது வயது. ஒரு பக்கம் காய்ந்து சமையலறைக் கூரைமேல் சாய்ந்திருந்தது.

2

வீட்டில் நானும் நாத்தனாரும் மட்டுந்தான். வெள்ளிக்கிழமை மரம் வெட்ட அவள் ஆள் சொல்லிவிட்டாள். (முதலில் அவளை வில்லியாக்கி எழுதினேன். அடித்துவிட்டேன். கூரைக்குக் கீழே நின்று சமைக்கிறவள் அவள்; பயம் நியாயந்தானே?)

திங்களன்று நான் மர வைத்தியரை வரவழைத்தேன்.

"மரத்துக்கு வைத்தியமா அண்ணி? நம்ம முட்டிக்கே இன்னும் பார்க்கலை!"

"முட்டி மாங்கா காய்க்காதுடி."

3

வைத்தியர் பட்டையைத் தட்டினார். ஓட்டைகளை உற்றுப் பார்த்தார்.

"துளைப்பான் புழு போட்ட ஓட்டைதான். ஆனா புழு உள்ள இருந்தா மரத்தூளை வெளிய தள்ளும். கீழ ஒண்ணுமே இல்லையே. புழு எப்பவோ போயிடுச்சு, மரம் வயசாகிக் காயுது. வெட்டிடுங்கம்மா."

"தூளா? அதைத் தினமும் காலையில நான் பெருக்கிடுவேனே!"

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா..."

நாத்தனார் சிரித்தாள். "அண்ணி சுத்தம் யாருக்கு வரும்!"

(இங்கே வைத்தியர் என்னைத் திட்டுவதாக எழுதிப் பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் திட்டவில்லை. அந்த நல்ல மனுஷன்மேல் பொய் சொல்ல மாட்டேன்.)

"மூணு நாளைக்குப் பெருக்காதீங்க," என்றார். அவ்வளவுதான்.

4

மூன்று நாளும் எனக்குக் கை அரித்தது.*

வியாழக்கிழமை காலை பின்புறத்திலிருந்து ஒரு கூச்சல். "அண்ணி, ஓடி வாங்க! உங்க குப்பை வந்திடுச்சு!"

அடிமரத்தில் ஒரு பிடி புதுத்தூள். சொல்லியனுப்பியதும் வந்த வைத்தியர் வளைந்த கம்பியை ஓட்டைக்குள் விட்டுத் துழாவி, விரல் பருமனில் வெள்ளைப் புழு ஒன்றை இழுத்துப் போட்டார். அப்புறம் இன்னொன்று. மருந்தில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசினார். கூரைமேல் சாய்ந்த காய்ந்த கிளைகளை மட்டும் அறுத்தார்.

"ரெண்டு மாசம் பாருங்க. துளிர் விட்டா பிழைச்சுது."

வெட்டுகிற ஆளை வரவேண்டாமென்று சொன்னதும் நாத்தனார்தான்.

* துடைப்பத்தை அவள் ஒளித்துவைத்திருந்தாள். அடிக்குறிப்பில் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள், சொல்லிவிட்டேன்.

5

ஒரு முடிவு: துளிர் விடுகிறது.

இன்னொன்று: மரம்

எழுத வரவில்லை. இன்று நாற்பத்தோராவது நாள்.

"கதையில மரம் பிழைச்சுதா அண்ணி?"

"இன்னும் எழுதலை."

"அவசரப்பட்டு எதையும் எழுதிடாதீங்க."

எழுதவில்லை. உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இவ்வளவு பெரிய தப்புக்குப் பிறகும் காத்திருக்க இரண்டு மாதம் கொடுத்தார்களே, அதுவே எனக்குப் போதும்.