கீரைத் தண்ணீர்

சம்பந்தி ஜெயகரனுக்கு நான் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மகள் நிக்கோலின் ஆறாம் மாத ஸ்கேனுக்குக் கோலாரில் அவர் கட்டியது. ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து நந்திதுர்க் குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலோடு வந்து நிற்பார்.

நிக்கோலுக்கு ரத்தம் எட்டுதான் இருந்தது. ஏறாவிட்டால் பிரசவத்தை இங்கே பார்க்க முடியாது, ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஈவ்லின் சொல்லிவிட்டார். தாயில்லாத பெண். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ரயில் பிடிக்கும் முன்னால் நான்தான் தண்டுக்கீரையை வேகவைத்து, வடித்து, தாளித்து மூடிவைப்பேன். வேலை முடிந்து உடம்பெல்லாம் சிமெண்டோடு வந்து மூடியைத் திறந்தால் பாதிக் கீரை காய்ந்து கிடக்கும். பாட்டில் மட்டும் காலியாக இருக்கும்.

"மாமா கொண்டாந்த ஜூஸுதான்பா வாய்க்கு நல்லாக்கீது," என்பாள்.

எனக்குத் தமிழ், இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள். எட்டாவது படிக்கும்போது, இனிமேல் கைநாட்டு வைக்கக்கூடாது என்று என் விரலைப் பிடித்து எழுதவைத்தாள். அந்த விரலை வைத்துத்தான் பாட்டிலின் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சர்க்கரை பன்னிரண்டு. வைட்டமின் சி முப்பது. கடைசி வரியில் இரும்பு, சைபர். கூலி ஏறினாற்போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஈவ்லின் பிரஷர் பார்க்க வந்திருந்தார். அவர் இருக்கும்போதே போட்டு உடைத்தேன்.

"உங்க பாட்டில்ல இரும்பு சைபர், சம்பந்தி."

ஜெயகரன் சிரித்தார். "உங்க கீரைல எவ்ளோனு எங்க எழுதிக்கீது? காட்டுங்க, பாக்கலாம்."

நிக்கோலும் சிரித்துவிட்டாள். அவர் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன்.

"போதும், ரெண்டு பேரும்," என்றார் ஈவ்லின். "இரும்பு கீரைல கீது. அது உடம்புல ஒட்டணும்னா இந்தப் புளிப்பு வேணும். மாத்திரையோட ரெண்டையும் குடுங்க. ஆமா, கீரை வேகவெச்ச தண்ணிய இன்னா பண்றீங்கண்ணா?"

"கொட்டிடுவேன்."

"பாதி சத்த சாக்கடைக்குக் குடுத்துட்டு, அவரு பாட்டில்ல கணக்கு பாக்குறீங்களா?"

அன்றிலிருந்து தண்ணீரைக் கொட்டவில்லை. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தேன். பக்கத்திலேயே அவருடைய ஜூஸையும் என் கையாலேயே டம்ளரில் ஊற்றிவைத்தேன்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் பத்து வந்தது. பிரசவத்தை இங்கேயே பார்க்கலாம் என்றார் ஈவ்லின்.

"நம்ம ஜூஸு!" என்றார் ஜெயகரன்.

சம்பளப் பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் கை நீளவில்லை.

"எம் பொண்ணு டெய்சிக்கும் ரத்தம் கம்மின்னுட்டாங்க. வீட்ல வெச்சா குடிக்கமாட்டேன்றா, உங்க கைப்பக்குவம் வேணுமாம். அந்தக் கீரைத் தண்ணி ஒரு பாட்டில் குடுங்க. பணக்கணக்கு இதோட தீந்துச்சு, விடுங்க."

வீட்டில் மூடியோடு இருந்தது அவர் கொண்டுவந்த பாட்டில்தான். ஆறவைத்து அதில் ஊற்றினேன். லேபிளைச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. ஸ்கூட்டரின் முன்கொக்கியில், இரும்பு சைபர் என்ற எழுத்துக்குப் பின்னால், பச்சை நிறக் கீரைத் தண்ணீர் குலுங்கிக்கொண்டே போனது.